கரை விளக்கும் கடலாமைக் குஞ்சும்

கிராமத்திற்கு மின்சாரம் வந்த நாளை முதியோர் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவு கூர்வதை நாம் கேட்டிருக்கிறோம். அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில் கண்ணைச் சுருக்கிப் படித்த பிள்ளைகள் மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கலாயினர். பாம்புக்கும் பள்ளத்துக்கும் அஞ்சி இருட்டியதும் அடங்கிவிட்ட தெரு, இரவிலும் மக்கள் நடமாடும் தெருவாயிற்று. ஒளியை முன்னேற்றத்தின் அடையாளமாக நாம் கருதுவது முற்றிலும் நியாயமே.

ஆயினும், எல்லா உயிர்களுக்கும் எல்லா வேளைகளிலும் ஒளி ஒரே விதமாக நன்மை செய்வதில்லை. இருளிலேயே உருவாகி, இருளிலேயே பிறந்து, இரவு வானத்தின் மெல்லிய ஒளியைக் கொண்டே வழியறியும் பிராணிகளும் உள்ளன. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் முட்டையிட வரும் பங்குனி ஆமை அவற்றுள் ஒன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதன் முட்டைகளில் பல, மீனவர் குடியிருப்புகளுக்கு அருகிலேயே மணலுக்கடியில் கிடந்து பொரிகின்றன. அம்முட்டைகளுக்கு இருள் ஏன் வேண்டும், வெளிவரும் குஞ்சுகளை ஊர் விளக்கு எவ்வாறு அழிக்கிறது, அதைத் தடுக்க நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

இருளில் வளரும் கரு

கோழி அடைகாப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தன் உடல் வெப்பத்தால் அது முட்டைகளைக் காக்கிறது. இரை தேட எழுந்து செல்லும்போது முட்டைகளின் மீது வெளிச்சம் படுகிறது. ஊர்வனவற்றில் பெரும்பாலானவை இவ்வாறு செய்வதில்லை. தோட்டத்து ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. முதலையும் ஆமையும் அவ்வாறே குழி பறித்து முட்டைகளைப் புதைக்கின்றன. இவற்றின் முட்டைகளுக்கு மண்ணே அடைகாக்கும் தாய்.

பங்குனி ஆமை பெரும்பாலும் இரவிலேயே கரையேறுகிறது. அலை எட்டாத மேட்டு மணலைத் தேடி, பின் துடுப்புக் கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழியொன்றைப் பறிக்கிறது. அதில் சுமார் 100 முட்டைகளை இடுகிறது. பின்னர் மணலைத் தள்ளி மூடி, தன் உடலால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அதன்பின் தாய் அம்முட்டைகளைப் பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் பொரிக்கின்றன.

குழிக்குள் கருவுக்கு வேண்டியவை நான்கு. மஞ்சள் கருவிலுள்ள உணவு, மணல் துகள்களின் இடைவெளி வழியே வரும் காற்று, ஓடு காய்ந்து சுருங்காதபடி காக்கும் ஈரம், மணலின் வெப்பம் ஆகியவையே அவை. ஒளி இந்தப் பட்டியலில் இல்லை. மணல் ஒளியை எளிதில் ஊடுருவ விடுவதில்லை. மேற்பரப்பிலிருந்து சிறிது ஆழம் சென்றாலே இருள்தான். கருவின் கண்கள் முட்டைக்குள்ளேயே பெரிதாக உருவாகிவிடுகின்றன. எனினும் அக்கண்களுக்குக் காண்பதற்கு ஏதுமில்லை. அந்த இருளே முட்டைக்குக் காவல். மேலே தெரியும் முட்டை நண்டுக்கும் நாய்க்கும் காகத்துக்கும் இரையாகும். வெயில் பட்டால் உலர்ந்து கெடும்.

ஒளி வேறு, வெப்பம் வேறு

வெயிலில் ஒளியும் வெப்பமும் சேர்ந்தே வருவதால் இவ்விரண்டையும் நாம் ஒன்றெனவே எண்ணிவிடுகிறோம். முட்டையைப் பொறுத்தவரை இவை வெவ்வேறானவை. மணலுக்குள் ஒளி செல்வதில்லை, வெப்பமோ செல்கிறது. அவ்வெப்பம் ஊர்வனவற்றின் முட்டையில் செய்யும் வேலை வியப்பூட்டுவது.

மனிதரிலும் கோழியிலும் பிறப்பது ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிவாகிவிடுகிறது. ஊர்வனவற்றில் பலவற்றுக்கு அவ்வாறில்லை. முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பமே அதை முடிவு செய்கிறது. ஆப்பிரிக்காவிலுள்ள செனெகல் நாட்டில் ஓணான் இனமொன்றின் முட்டைகளை ஆராய்ந்த மதலேன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி 1966-இல் இதை முதன்முதலில் வெளியிட்டார். சென்னைக்குத் தெற்கே, 1976-இல் தொடங்கப்பெற்ற முதலைப் பண்ணையிலும் நம் நாட்டுச் சதுப்புநில முதலையின் முட்டைகளில் இது ஆராயப்பட்டது. 28 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் வைத்த முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் குஞ்சுகள் வந்தன. கடலாமையிலோ முறை வேறு. ஏறத்தாழ 29 அல்லது 30 டிகிரிக்குக் கீழே ஆண் குஞ்சுகள் மிகுதியாகவும், அதற்கு மேலே பெண் குஞ்சுகள் மிகுதியாகவும் பிறக்கின்றன. அடைகாலத்தின் நடுப்பகுதியே இதனை முடிவு செய்யும் காலம்.

ஆகவே, முட்டைக்கு வெளிச்சம் காட்டினால் விரைவில் பொரிக்கும் என்று எண்ணி, குழியைத் திறந்து வைப்பதோ, அதன் மேல் விளக்கைத் தொங்கவிடுவதோ தவறாகும். அவ்வாறு செய்பவர் கொடுப்பது வேண்டாத வெப்பத்தையும் வறட்சியையுமே.

முட்டைக்குள் புகும் ஒளி

அப்படியானால், வெப்பம் சேராத வெறும் ஒளி முட்டைக்குள் புகுந்தால் குஞ்சின் இயல்பு மாறுமா என்ற கேள்வி எழலாம். இதற்கு ஒரு தெளிவான விடை நம் வீட்டுக் கோழியிடமே கிடைக்கிறது.

கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் ஆகின்றன. கடைசி மூன்று நாட்களில் குஞ்சு முட்டைக்குள் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக் கொண்டிருக்கிறது. அதன் இடக்கண் உடலோடு ஒட்டி மறைந்துவிடுகிறது. வலக்கண் ஓட்டுப் பக்கம் இருக்கிறது. தாய்க்கோழி எழுந்து செல்லும் வேளையில் ஓட்டின் வழியே கசியும் ஒளி அந்த வலக்கண்ணில் மட்டும் படுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லெஸ்லி ராஜர்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, இந்தச் சிறிது ஒளி குஞ்சின் மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்கிட்டுக் கொள்ளும் முறையையே பாதிக்கிறது என்று 1982-இல் காட்டினார். ஒளி பட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சு, வலக்கண்ணால் தானியத்தையும் கூழாங்கல்லையும் நன்கு பிரித்தறிகிறது. அதே வேளையில் இடக்கண்ணால் வானத்துப் பருந்தைக் கவனிக்கிறது. முழு இருளில் பொரித்த குஞ்சு இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்வதில் பின்தங்கி விடுகிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பிறப்பை ஒட்டிய சில மணி நேரத்து ஒளி கூட ஓர் உயிரின் நடத்தையை மாற்ற வல்லது. கோழிக்கு அந்த ஒளி முட்டைக்குள்ளேயே வந்து சேர்கிறது. ஆமைக் குஞ்சுக்கோ, ஒன்றரை அடி மணலுக்கு மேலே தலையை நீட்டும் கணத்தில்தான் உலகின் ஒளி முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. அந்த முதல் ஒளி எத்தகையது என்பதே அதன் உயிரைத் தீர்மானிக்கிறது.

குஞ்சு கடலை அறியும் விதம்

முட்டையை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வந்துவிடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, ஒன்றன் அசைவு மற்றதைத் தூண்ட, மணலைக் கீழே சரித்துச் சரித்துச் சில நாட்களில் மேலேறுகின்றன. மேல் மணல் பகலில் சுடும்போது அசைவற்று நின்றுவிடுகின்றன. இரவில் மணல் குளிர்ந்ததும் மீண்டும் உந்தி எழுந்து, கூட்டமாக வெளியே வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் இக்குஞ்சு ஒவ்வொன்றும் 20 கிராம் எடைக்கும் உட்பட்டதே. வழி காட்டத் தாயில்லை. ஆயினும் சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் கடலை நோக்கி ஓடுகிறது.

அவை எவ்வாறு கடலை அறிகின்றன? ஓசையாலோ வாசனையாலோ அன்று. கண்ணாலேயே என்பதை விஞ்ஞானிகள் நிறுவியுள்ளனர். ஒரு கண்ணை மட்டும் மறைத்துவிட்டால் குஞ்சு நேரே செல்ல இயலாமல், திறந்த கண் இருக்கும் பக்கமாகவே வட்டமிடுகிறது. மின்விளக்கில்லாத கரையில் இரவு வேளையில் கடலின் பக்கமே வெளிச்சம் கூடியது. நட்சத்திரங்களின் ஒளியையும் நிலவொளியையும் நீர்ப்பரப்பு பிரதிபலிக்கிறது. நிலத்தின் பக்கமோ மணல் மேடும், அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த திட்டும், சவுக்குத் தோப்பும் கறுத்து உயர்ந்து நிற்கின்றன. உயர்ந்த இருளை விட்டு விலகி, தாழ்ந்த அடிவானத்தின் வெளிச்சத்தை நோக்கிச் செல்வது குஞ்சின் பிறவிக் குணம். நிலவு உச்சியில் இருந்தாலும் அது மயங்குவதில்லை. அடிவானத்தை ஒட்டிய ஒளியையே அது முதன்மையாகக் கொள்கிறது.

நீரை அடைந்தபின் கண்ணின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எதிர்வரும் அலைகளுக்கு நேராக நீந்தி அது கரையை விட்டு விலகுகிறது. பின்னர்ப் பூமியின் காந்தப் புலத்தை உணர்ந்து திசை தவறாமல் செல்கிறது. கரையிலிருந்து நீர் வரையுள்ள அந்தச் சில கஜ தூரமே ஒளியை நம்பி அது கடக்க வேண்டிய தூரம். அத்தூரத்தில்தான் நம் விளக்குகள் குறுக்கிடுகின்றன.

விளக்கு செய்யும் கேடு

கரையோரத்துத் தெரு விளக்கோ, விடுதியின் முகப்பு விளக்கோ, கடலைவிடப் பன்மடங்கு வெளிச்சமானது. குஞ்சுக்கு அதுவே கடலாகத் தோன்றுகிறது. குழியிலிருந்து எழுந்த கூட்டம் கடலுக்கு முதுகைக் காட்டி ஊரை நோக்கி நகர்கிறது. சில சாலையில் ஏறி வண்டிகளின் கீழ் நசுங்குகின்றன. சில நாய்க்கும் நண்டுக்கும் இரையாகின்றன. எஞ்சியவை இரவு முழுவதும் வட்டமிட்டு, விடிந்தபின் வெயிலில் காய்ந்தும் காகத்துக்கு இரையாகியும் மடிகின்றன. எப்படியோ கடலைச் சேர்பவையும் தம் உடலில் எஞ்சிய மஞ்சள் கருவின் வலிமையைக் கரையிலேயே செலவிட்டுவிடுவதால், ஆழ்கடல் சேரும் ஆற்றல் குறைந்து போகின்றன.

எல்லா நிற ஒளியும் ஒரே அளவு மயக்குவதில்லை. நீலமும் ஊதாவும் பச்சையும் கலந்த வெண்ணிற ஒளி குஞ்சுகளை மிகுதியாக இழுக்கிறது; செம்மஞ்சள், சிவப்பு ஒளி குறைவாகவே இழுக்கிறது. தாய் ஆமையும் இவ்வேறுபாட்டை உணர்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையிலும் கோஸ்டா ரிக்கா நாட்டுக் கரையிலும் நடந்து 1992-இல் வெளியான சோதனையில், வெண்ணிறப் பாதரச ஆவி விளக்கு எரிந்த மணற்பகுதியில் முட்டையிடக் கரையேறிய ஆமைகள் மிகவும் குறைந்துவிட்டன. மஞ்சள் நிறச் சோடியம் விளக்கு எரிந்த பகுதியில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இது நமக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மஞ்சள் விளக்குகளை அகற்றிவிட்டு, மின்சாரச் செலவு குறைந்த எல்.இ.டி. விளக்குகளை நம் ஊராட்சிகள் பொருத்தி வருகின்றன. சிக்கனம் வேண்டத்தக்கதே. ஆனால் அவ்விளக்குகளுள் பல நீலம் மிகுந்த வெண்ணிற ஒளியைத் தருபவை. ஊரின் உள்தெருவில் அதனால் ஆமைக்குத் தீங்கு குறைவே. கடலைப் பார்த்து நிற்கும் கம்பத்தில் அதே விளக்கைப் பொருத்தினால், சிக்கனத்தின் விலையைக் குஞ்சுகள் கொடுக்க நேர்கிறது.

விளக்கும் வேண்டும், குஞ்சும் வேண்டும்

"கரையில் விளக்கில்லாவிட்டால் வலையிலிருந்து மீனை எடுப்பது எப்படி? விடியுமுன் மீன் வாங்கச் செல்லும் பெண்கள் இருளில் நடப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வி நியாயமானது. ஊரை இருட்டாக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. வெளிச்சம் மனிதனின் காலடியில் விழட்டும், கடல் மணலில் விழ வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

முதலாவதாக, கடலை நோக்கிய தெரு விளக்குகளுக்குக் கடற்பக்கம் மறையுமாறு தகர மூடி பொருத்தலாம். மணலில் நின்று பார்த்தால் விளக்கின் எரியும் பகுதி கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதுவே எவரும் எளிதில் செய்யக்கூடிய சோதனை. இரண்டாவதாக, உயர்ந்த கம்பத்தில் ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாகத் தாழ்ந்த கம்பங்களில் சிறு விளக்குகளை அமைக்கலாம். மூன்றாவதாக, கரையோரத்துக்கு வாங்கும் விளக்குகளைச் செம்மஞ்சள் நிறத்தில் தேர்ந்தெடுக்கலாம். நான்காவதாக, மீன் இறங்கும் தளத்தில் வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கெரித்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். ஐந்தாவதாக, கரையோர விடுதிகளும் மாடி வீடுகளும் ஜனவரி முதல் மே வரையாவது கடற்பக்கத்து அலங்கார விளக்குகளை அணைத்து, சன்னல் திரைகளை இழுத்து மூடலாம். ஏப்ரலில் இட்ட முட்டை மே மாதத்திலோ அதற்குப் பின்னரோதான் பொரிக்கும் என்பதை மறந்துவிடலாகாது.

மணல் மேட்டின் செடிகொடிகளைக் காப்பதும் இதனோடு சேர்ந்த பணியே. அடும்பு படர்ந்த மேடு, ஊர் வெளிச்சத்தை மறைக்கும் இயற்கைச் சுவராகும். ஆனால் புதிதாகச் சவுக்கு நடுவோர் அலையோரம் வரை நெருக்கி நடாமல், முட்டையிடத் தக்க மணலை விட்டு நடுதல் வேண்டும்.

பொரிப்பகத்தில் கவனிக்க வேண்டியவை

சென்னைக் கரையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970-களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர் அமைப்பொன்று அப்பணியைத் தொடர்ந்து வருகிறது. கோடிக்கரை முதலிய இடங்களில் வனத்துறை பொரிப்பகங்களை நடத்துகிறது. ஆபத்தான இடத்தில் இட்ட முட்டைகளை எடுத்து வந்து, வேலியிட்ட மணலில் மீண்டும் புதைத்துக் காப்பதே பொரிப்பகத்தின் வேலை. இப்பணியில் உதவ முன்வரும் கிராம இளைஞர்கள் சில உண்மைகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையை உருட்டினால் கரு இறந்துபோகும். ஆகவே அன்றிரவே, மேல்பாகம் மேலேயே இருக்குமாறு எடுத்து, தாய் பறித்த அதே ஆழத்தில் புதைத்தல் வேண்டும். கைவிளக்கைச் சிவப்புத் தாளாலோ துணியாலோ மூடிக்கொள்ள வேண்டும். பொரிப்பக வேலிக்குள் வெள்ளை விளக்கு எரியலாகாது. வெளிவந்த குஞ்சுகளை, பார்க்க வருவோருக்காக வாளியில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. வெளிவந்த முதற் சில மணி நேரத்து வேகமே அவற்றை ஆழ்கடலுக்குக் கொண்டு செல்வது. அவற்றை நேரே நீரில் விடாமல், இருண்ட மணலில் சில கஜ தூரத்திலேயே விட்டு, தாமாக நடந்து செல்ல விட வேண்டும். புகைப்படத்துக்காக மின்னொளி பாய்ச்சுவது குஞ்சுகளைத் திசைமாற்றும்.

பங்குனி ஆமை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதன் முட்டைகளை எடுப்பது குற்றமாகும். ஆதலால் எவரும் தாமாகக் குழியைத் தோண்டாமல், வனத்துறைக்குச் செய்தி சொல்லி, அவர்களுடைய வழிகாட்டுதலில் மட்டுமே பணியாற்ற வேண்டும்.

ஓர் இரவின் பயன்

குஞ்சுகளுக்கு விளக்கு ஒன்றே பகையன்று. கடலிலும் ஆபத்துகள் காத்திருக்கின்றன. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நாடு கண்டது. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறப்பது இவ்வாமைகளுக்குப் பெருங்கேடாக உள்ளது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாக மதிப்பிடுவர். அந்த ஒன்றும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடலில் வளர்ந்த பின்னரே முட்டையிடத் தகுதி பெறுகிறது. அவ்வாறு வளர்ந்த பெண் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதியையே நாடி வருகிறது.

இக்கணக்கை நாம் சிந்திக்க வேண்டும். இவ்வாண்டு ஒரு விளக்கின் கீழ் மடிந்துபோகும் குழியொன்றின் 100 குஞ்சுகள், வருங்காலத்தில் நம் ஊர்க் கரைக்கு வர வேண்டிய ஆமைகள். இழந்ததை அடுத்த ஆண்டே ஈடுசெய்துவிட இயலாது. அந்த இழப்பு, இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பெரியவர்களாகும் நாளில்தான் தெரியவரும்.

கடலின் இடர்களைக் களைவது பலரும் சேர்ந்து செய்ய வேண்டிய நீண்ட பணி. கரை விளக்கைத் திருத்துவதோ ஓர் ஊராட்சியின் தீர்மானத்தால் நிறைவேறக் கூடியது. கடற்கரை ஊராட்சிகள் தம் அடுத்த கூட்டத்திலேயே கடலை நோக்கிய விளக்குகளைக் கணக்கெடுத்து, எதற்கு மூடி வேண்டும், எதன் நிறத்தை மாற்ற வேண்டும், எதை எந்நேரத்தில் அணைக்கலாம் என்று முடிவு செய்வார்களாக. மின்விளக்கை ஊருக்குக் கொண்டுவர அரும்பாடுபட்டோம். அதை எங்கே தாழ்த்த வேண்டும் என்று அறிவதும் அந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதியே ஆகும்.